பழி ஓரிடம், பாவம் ஓரிடம் – ஒரு காற்றுக் குமிழியின் வரலாறு

“தொழில்துறை சம்பந்தமாக வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தாருங்கள்” என்று மலர்க் குழுவினர் கேட்டிருந்தார்கள். அணைகள், பாலங்கள், அனல் மின் நிலையங்கள் பற்றியெல்லாம் எழுத நம் சங்கத்தில் அனுபவம் மிக்க மூத்தவர்கள் இருக்கிறார்கள். கெமிக்கல் படித்துவிட்டு மருந்துத் தொழிலில் இருக்கும் நான் எடுத்துக்கொண்டிருப்பது மிகச் சிறிய விஷயம். மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு காற்றுக் குமிழி!

நிலையாமைக்கு நம் பெரியவர்கள் சொல்லும் உதாரணமே நீர்க்குமிழிதான். வந்த வேகத்தில் உடைந்து போவதற்கு என்ன சார் வரலாறு என்று ஜூனியர்கள் கேட்கலாம். அது உடைகிற ஒரு கணத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாமல், ஒரு தொழிலே சுமார் இருபது வருஷம் வேறொன்றின் மீது பழி போட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பழி எப்படி நீங்கியது என்பதுதான் இந்தக் கட்டுரை.

எதற்கு இந்தச் செல்கள்?

புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் இன்று கொடுக்கப்படும் ஆன்டிபாடி மருந்துகளை ரசாயனங்களைக் கலந்து தயாரித்துவிட முடியாது. அவை பெரிய, சிக்கலான புரதங்கள். அவற்றைச் சரியாக மடித்து, சர்க்கரைச் சங்கிலிகளை உரிய இடத்தில் சேர்த்து வெளியே அனுப்பும் வித்தை பாலூட்டிகளின் செல்களுக்குத் தெரியும். இந்தத் தொழிலில் அதிகமாக உழைப்பது ‘சி.எச்.ஓ.’ என்ற செல். சீன ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற சிறு பிராணியின் சூலகத்திலிருந்து 1957-ல் அமெரிக்காவின் கொலராடோவில் தியோடர் பக் வளர்த்தெடுத்தது.

மருந்து எவ்வளவு தேவைப்படும் தெரியுமா? தடுப்பூசி என்றால் ஒரு டோஸுக்கு மைக்ரோகிராம் கணக்கு. ஆன்டிபாடி அப்படியில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். முதல் டோஸ் கிலோவுக்கு 8 மில்லிகிராம். பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 6 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு ஓராண்டு சிகிச்சை என்றால் ஆறரை கிராம் வந்துவிடுகிறது. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேண்டுமென்றால் கிலோ கிலோவாகத் தயாரிக்க வேண்டும். கண்ணாடிக் குடுவையில் வேலை நடக்காது. ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும் டாங்க் வேண்டும். டாங்க் பெரிதானால்தான் மருந்து பெருகும், மருந்து பெருகினால்தான் விலை இறங்க வழி பிறக்கும். அந்த டாங்க்கைப் பெரிதாக விடாமல் தடுத்த காரணங்களில் ஒன்று நம் குமிழி.

பென்சிலின் கற்றுக் கொடுத்தது

பெரிய டாங்க்கில் உயிர்களை வளர்ப்பது எஞ்சினியர்களுக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 மார்ச்சில், ஃபைசர் கம்பெனி நியூயார்க்கின் புரூக்ளினில் பெரும் டாங்க்குகளில் பென்சிலின் பூஞ்சையை வளர்க்கத் தொடங்கியது. அடியில் காற்றைக் குமிழி குமிழியாக ஊது, மேலே அஜிடேட்டரை வேகமாகச் சுற்று, ஆக்சிஜன் கரையும், பூஞ்சை வளரும். நுண்ணுயிர் ஃபெர்மென்டரில் ஒரு லிட்டர் திரவத்துக்கு நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் காற்று ஊதுவது சர்வ சாதாரணம்.

ஆனால் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் உறுதியான செல் சுவர் உண்டு. பாலூட்டிச் செல்லுக்குச் சுவரே கிடையாது, மெல்லிய சவ்வு மட்டும்தான். பாக்டீரியா ஒன்றிரண்டு மைக்ரான் அளவு என்றால், இது 10 முதல் 20 மைக்ரான். கோட்டைக்குள் இருப்பவனுக்கும் கூடாரத்துக்குள் இருப்பவனுக்கும் உள்ள வித்தியாசம்.

கோமாரி காட்டிய வழி

மாட்டுக்கு வரும் கோமாரி நோய் நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். பாலூட்டிச் செல்களைப் பெரிய டாங்க்குக்குக் கொண்டுவந்ததில் அந்த நோய்க்குப் பெரும் பங்கு உண்டு. 1962-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மெக்ஃபர்சனும் ஸ்டோக்கரும் குட்டி ஹாம்ஸ்டரின் சிறுநீரகத்திலிருந்து ‘பி.எச்.கே. 21’ என்ற செல்லை உருவாக்கியதை வெளியிட்டார்கள். அதே வருஷம் இங்கிலாந்தின் பிர்பிரைட்டில் கேப்ஸ்டிக்கும் சக ஆய்வாளர்களும் அதைத் திரவத்திலேயே மிதந்து வளரும்படி பழக்கி, கோமாரி வைரஸ் அதில் பெருகும் என்று காட்டினார்கள். 1965-ல் டெல்லிங், எல்ஸ்வொர்த் என்ற இருவர் எவர்சில்வர் டாங்க்கில் அந்தச் செல்களை வளர்த்த முறையை வெளியிட்டார்கள். பின்னால் 1982-ல் தேசிய பால்வள வாரியம் ஹைதராபாத்தில் தொடங்கிய இந்தியன் இம்யூனலாஜிகல்ஸ் நிறுவனம், இங்கிலாந்தின் வெல்கம் நிறுவனத்திடமிருந்து பெற்றதும் கோமாரித் தடுப்பூசித் தொழில்நுட்பத்தைத்தான்.

மூச்சு முட்டும் கணக்கு

இப்போது கொஞ்சம் மாஸ் டிரான்ஸ்பர் கணக்கு. பயப்பட வேண்டாம், பரீட்சையில் கேட்க மாட்டோம்!

37 டிகிரி சூட்டில் காற்றோடு சமநிலையில் உள்ள ஊடகத்தில் லிட்டருக்குச் சுமார் 0.2 மில்லிமோல் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். நூறு கோடி செல்கள் மணிக்கு ஏறக்குறைய அதே 0.2 மில்லிமோலைக் குடித்துவிடும். மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் செல்கள் என்றால் லிட்டருக்கு நூறு கோடி. அதாவது, காற்றை நிறுத்தினால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் காலி. மில்லிலிட்டருக்கு ஒரு கோடி செல்கள் இருந்தால் ஆறே நிமிஷம்!

சின்னக் குடுவையில் மேல்பரப்பு வழியாக நுழையும் ஆக்சிஜனே போதும். ஆனால் அதே வடிவத்தில் ஒரு லிட்டரை ஆயிரம் லிட்டராக்கினால், வயிறு ஆயிரம் மடங்கு பெருக்கிறது, வாய் நூறு மடங்குதான் அகலமாகிறது. ஆகவே குமிழி விட்டே ஆகவேண்டும். விட்டுப் பார்த்தபோது, பல ஆய்வகங்களில் செல்கள் செத்தன.

அஜிடேட்டர் மீது விழுந்த பழி

செல் ஏன் சாகிறது என்று கேட்டால், சுற்றுகிற இம்பெல்லரைத்தான் எல்லோரும் கை காட்டினார்கள். கூடாரம் போல மெல்லிய செல், பக்கத்திலேயே சுழலும் இரும்பு இலை. பார்த்தவுடனே நம்பத் தோன்றுகிற குற்றச்சாட்டு. ‘ஷியர் தாங்காத செல்’ என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது.

இதற்கு ஓரளவு நியாயமும் இருந்தது. 1967-ல் நெதர்லாந்தில் வான் வீசல் என்பவர், பரப்பில் ஒட்டி வளரும் செல்களை நுண்மணிகளின் மேல் வளர்த்து, அந்த மணிகளைத் திரவத்தில் மிதக்கவிடும் முறையைக் கண்டுபிடித்தார். அங்கே வேகமாகக் கலக்கினால் மணியோடு மணி மோதிச் செல்கள் உரிந்து போவது உண்மைதான். ஆனால் அந்த அனுபவத்தைத் தனியாக மிதக்கும் செல்லுக்கும் பொருத்திவிட்டார்கள். அங்கேதான் வழி தவறியது.

விளைவு என்ன? இம்பெல்லரை ஆமை வேகத்தில் சுற்றினார்கள். பென்சிலின் டாங்க்கில் ஒரு கன மீட்டருக்கு ஆயிரக்கணக்கான வாட் சக்தி என்றால், இங்கே பத்து வாட், நூறு வாட். குமிழியே வேண்டாம் என்று சிலிகான் குழாய்ச் சுருள்களைத் திரவத்துக்குள் இறக்கி, குழாய்ச் சுவர் வழியாக ஆக்சிஜனைக் கசியவிட்டார்கள். சின்ன டாங்க்கில் அது அழகாக வேலை செய்யும். ஆயிரக்கணக்கான லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் குழாய் சுற்றுவது? இன்னொரு பக்கம், தொழிற்சாலையே ரோலர் பாட்டில்களில் நடந்தது. சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கான எரித்ரோபொய்ட்டின் மருந்து 1989-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, ஆம்ஜென் அதைத் தயாரித்தது ரோலர் பாட்டில்களில்தான். உற்பத்தியை இரட்டிப்பாக்க வேண்டுமென்றால் பாட்டில்களையும் இரட்டிப்பாக்கு, அவ்வளவுதான்.

இதற்கு நடுவே வேறு சாட்சிகளும் இருந்தன. வெல்கம் நிறுவனம் இன்டர்ஃபெரானுக்காக நமால்வா என்ற மனிதச் செல்களை 8,000 லிட்டர் டாங்க்கில் வளர்த்தது. 1980-களில் இங்கிலாந்தின் செல்டெக் நிறுவனம், இம்பெல்லரே இல்லாமல் குமிழிகளை மட்டும் வைத்துக் கலக்கும் ‘ஏர்லிஃப்ட்’ டாங்க்கை ஆயிரம் லிட்டர் வரை ஓட்டியது. குமிழி ஓரிடத்தில் கொல்கிறது, இன்னோரிடத்தில் வாழவைக்கிறது. என்ன மர்மம் இது?

துப்பறிந்த ஆண்டுகள்

முதல் தடயம் நெதர்லாந்தின் வாகெனிங்கனிலிருந்து வந்தது. 1980-களின் பிற்பாதியில் டிராம்பரும் சகாக்களும், சுவரில்லாத பூச்சிச் செல்களைக் குமிழி நெடுங்குழாயில் வைத்துச் சோதித்தார்கள். காற்றின் அளவைக் கூட்டினால் சாவு கூடியது. ஆச்சரியமில்லை. ஆனால் அதே காற்று, அதே அகலம், குழாயின் உயரத்தை மட்டும் கூட்டினால் சாவு விகிதம் குறைந்தது!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குமிழி மேலே ஏறும்போது செல்லைக் கொல்கிறது என்றால், உயரமான குழாயில் அது போகும் தூரம் அதிகம், கொலையும் அந்த அளவு கூட வேண்டும். அப்போது விகிதம் மாறியிருக்கக் கூடாது. உயரம் கூடும்போது மாறாமல் இருப்பவை இரண்டுதான்: அடியில் குமிழி பிறப்பது, மேலே குமிழி உடைவது. அதே எண்ணிக்கைப் பிறப்பும் இறப்பும் அதிகச் செல்களுக்குப் பங்காகும்போது விகிதம் குறைகிறது. ஆக, கொலை நடப்பது நடுவழியில் இல்லை. வாசலிலோ, கொல்லையிலோ!

இரண்டாவது தடயம் 1989-ல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலிருந்து. ஓ, நீனோ, அல்-ருபாய், எமரி என்ற நால்வர், காற்று ஊதாமல் ஹைப்ரிடோமா செல்களை நிமிஷத்துக்கு 450 சுற்று வரை கலக்கினார்கள். செல்கள் சுகமாக வளர்ந்தன. அந்த வேகத்தோடு காற்றையும் சேர்த்து ஊதியபோதுதான் பாதிப்பு வந்தது.

மூன்றாவது, என் பார்வையில் மிக நேர்த்தியான சோதனை, 1990-ல் ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் குனாஸும் பாபூட்சாகிஸும் செய்தது. வேகமாகக் கலக்கும்போது நடுவில் சுழி விழும். அந்தச் சுழி மேலிருந்து காற்றைக் குமிழியாக உள்ளே இழுக்கும். ஆகவே ‘கலக்கினால் சாகிறது’ என்று சொன்னவர்கள், தங்களுக்குத் தெரியாமலே குமிழியையும் சேர்த்துச் சோதித்திருக்கிறார்கள். இவர்கள் சுழி விழாதபடி, காற்று உள்ளே புகாதபடி டாங்க்கை அமைத்தார்கள். நிமிஷத்துக்கு 700 சுற்றைத் தாண்டும்வரை செல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணமும் சொன்னார்கள். திரவத்தில் எழும் சுழல்கள் செல்லைவிடப் பெரிதாக இருக்கும்வரை, அலை மேல் தோணி போலச் செல் அதில் மிதந்து போகும். சுழல் செல்லின் அளவுக்குச் சுருங்கினால்தான் ஆபத்து.

அஜிடேட்டர் நிரபராதி என்று தீர்ப்பானது.

குமிழி உடையும்போது

உண்மையான குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்தது ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி சால்மர்ஸ் குழு. மைக்ராஸ்கோப்போடு வீடியோ காமிராவை இணைத்து, 1991-ல் அவர்கள் வெளியிட்ட படங்களில் கதை முழுதும் தெரிந்தது. மேலே ஏறும் குமிழியின் தோலில் செல்கள் ஒட்டிக்கொள்கின்றன. குமிழி மேல்பரப்புக்கு வந்து தலை நீட்டுகிறது. தலையில் உள்ள படலம் மெலிந்து மெலிந்து ஓட்டை விழுகிறது. அந்த விளிம்பு விநாடிக்குச் சில மீட்டர் வேகத்தில் பின்வாங்குகிறது. காலியான குழிக்குள் சுற்றியுள்ள திரவம் பாய்ந்து, மேலே ஒரு தாரையும் கீழே ஒரு தாரையும் பீச்சுகிறது. எல்லாம் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். ஒட்டிக்கொண்டு வந்த செல்கள் அதில் கிழிந்து போகின்றன.

1994-ல் இதே குழு எண்ணிக்கையையும் சொன்னது. மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் பூச்சிச் செல்கள் உள்ள திரவத்தில், 3.5 மில்லிமீட்டர் குமிழி ஒன்று உடைந்தால் சராசரியாக 1,050 செல்கள் சாகின்றன. ஆயிரம்தானே என்று நினைக்காதீர்கள். ஒரு லிட்டர் காற்றில் அந்த அளவுக் குமிழிகள் 44 ஆயிரத்துக்கு மேல். பெருக்கினால் நாலரைக் கோடிச் செல்களுக்கு மேல். அந்தத் திரவம் ஒரு லிட்டரில் இருப்பதே நூறு கோடி. லிட்டருக்கு நிமிஷத்துக்கு 50 மில்லிலிட்டர் என்ற மென்மையான காற்றிலேயே, மணிக்கு நூற்றுக்குப் பதினான்கு செல்கள் காலி. ஒரு நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும் செல்லின் வளர்ச்சியோ மணிக்கு நூற்றுக்கு மூன்று. வரவு மூன்று ரூபாய், செலவு பதினான்கு ரூபாய் என்றால் குடும்பம் எப்படி நடக்கும்?

அதே ஆண்டு வந்த கம்ப்யூட்டர் கணக்கு இன்னொரு அதிர்ச்சியைத் தந்தது. 1.7 மில்லிமீட்டர் குமிழி உடையும் இடத்தில், கணநேரத்துக்கு, கன மீட்டருக்குப் பத்துக் கோடி வாட்டை நெருங்கும் அளவில் சக்தி செலவாகிறது. 6 மில்லிமீட்டர் குமிழியில் அது ஒரு லட்சம் வாட் அளவுதான். சிறுசுதான் பொல்லாதது!

சோப்பு வகைச் சரக்கு காப்பாற்றியது

வேடிக்கை என்னவென்றால், நோய் இன்னதென்று தெரியும் முன்பே மருந்து கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் வயண்டாட் கெமிக்கல்ஸ் நிறுவனம் 1950-களில் சந்தைக்குக் கொண்டுவந்த, நுரை குறைவான சோப்பு வகைப் பொருள்கள் ‘புளுரானிக்’. அதில் எஃப்-68 என்ற ரகத்தைச் சேர்த்தால் குலுக்கி வளர்க்கும் செல்கள் நன்றாக வளர்கின்றன என்று 1960-ல் ஸ்விம், பார்க்கர் இருவரும் எழுதினார்கள். 1968-ல் கில்பர்ன், வெப் இருவரும் நேரடியாகக் குமிழி விட்டால் செல்கள் பாதிக்கப்படுகின்றன என்றும், 0.02 சதவீதம் எஃப்-68 சேர்த்தால் பிழைக்கின்றன என்றும் காட்டினார்கள். பாதி விடை அப்போதே அச்சில் இருந்திருக்கிறது!

அப்புறம் ஏன் அது பெரிதாகப் பேசப்படவில்லை? கன்றுக்குட்டி ரத்த சீரம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்தில் ஊடகத்தில் நூற்றுக்கு ஐந்து, பத்து என்று சீரம் ஊற்றுவார்கள். அது உணவாக மட்டுமல்லாமல் கவசமாகவும் இருந்தது. 1986-ல் இங்கிலாந்தில் ‘பைத்தியக்கார மாட்டு நோய்’ அடையாளம் காணப்பட்ட பிறகு, மாட்டிலிருந்து வரும் எதுவும் மருந்தில் வேண்டாம் என்ற எண்ணம் வலுத்தது. சீரத்தை எடுத்ததும் கவசமும் போயிற்று.

எஃப்-68 எப்படிக் காப்பாற்றுகிறது? சால்மர்ஸ் குழுவின் படங்களில் பதில் இருந்தது. அதைச் சேர்த்த திரவத்தில் செல்கள் குமிழியில் ஒட்டுவதே இல்லை. பஸ்ஸில் ஏறாதவனுக்கு விபத்து ஏது? செல் சவ்வின் இளக்கமும் முக்கியம் என்று 1990-ல் பிலடெல்பியாவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்திலிருந்து ராமிரஸ், முத்தரசன் இருவரும் காட்டினார்கள். ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டும்போது நடுவில் முத்தரசன் என்ற பெயரைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது!

இன்று பொலாக்சமர் 188 என்ற பெயரில் லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் அது வழக்கமாகச் சேர்க்கப்படுகிறது. அதிலும் ஒரு பாடம். 2010-களில், ஒரே பெயருள்ள சரக்கில் சில லாட் மட்டும் செல்லைக் காக்காமல் கைவிட்டதைக் கம்பெனிகள் கண்டுபிடித்தன. லாட் வாரியாகச் சோதித்து வாங்குவது அதன் பிறகு பழக்கமாயிற்று.

ஒன்றை அடைத்தால் ஒன்று திறக்கும்

குமிழிப் பயம் தெளிந்ததும் டாங்க்குகள் பத்தாயிரம் லிட்டரைத் தாண்டின. உடனே அடுத்த தலைவலி. ஆக்சிஜன் சீக்கிரம் கரையட்டும் என்று நுண்துளை ஸ்பார்ஜரில் சின்னச் சின்னக் குமிழி விட்டார்கள். கொஞ்சம் வாயுவே போதும் என்று ஆனது. ஆனால் செல் மூச்சு விடும் கரியமில வாயுவை வெளியே யார் தூக்கிப் போவது? சின்னக் குமிழி சீக்கிரமே கரியமில வாயுவால் நிரம்பிவிடும். அதற்கு மேல் அதற்குச் சுமக்க இடமில்லை. நம் ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 40 மில்லிமீட்டர் பாதரச அளவு. பெரிய டாங்க்குகளில் அது 150-ஐத் தாண்டி, வளர்ச்சியும் மருந்தும் குறைந்ததை 1990-களின் நடுவில் பல குழுக்கள் எழுதின. ஒரு லிட்டர் குடுவையில் இந்தப் பிரச்சினை தெரியவே தெரியாது.

சரி, காற்றைக் கூட்டுவோம் என்றால் நுரை பொங்கும். தவிர, டிராம்பரின் சோதனை சந்தேகப்பட்ட இரண்டாவது இடம், அதாவது குமிழி பிறக்கும் வாசல், இப்போது தலைகாட்டியது. ஸ்பார்ஜர் துளையிலிருந்து வாயு விநாடிக்குச் சுமார் 30 மீட்டருக்கு மேல் சீறினால் என்.எஸ்.0 என்ற செல்கள் அங்கேயே சேதமாகின்றன என்று 2008-ல் ஒரு குழு காட்டியது. ஆகவே துளைகளின் எண்ணிக்கையும் அகலமும் முக்கியம். இன்று பல டாங்க்குகளில் ஆக்சிஜனுக்கு நுண்துளை ஸ்பார்ஜர் ஒன்று, கரியமில வாயுவை அள்ளிப் போகப் பெரிய துளை ஸ்பார்ஜர் ஒன்று என்று இரண்டு இருக்கும். சண்டை போடும் இரண்டு பேருக்குத் தனித்தனிக் குடித்தனம்!

1980-களில் லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் கீழே இருந்த ஆன்டிபாடி விளைச்சல் இன்று ஐந்து கிராம், அதற்கு மேலும் போகிறது. ஜீன், ஊடகம், செல் தேர்வு எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் அத்தனை அடர்த்தியான செல்களுக்கு மூச்சு கொடுக்கத் தெரியாவிட்டால் மற்றது எதுவும் உதவியிருக்காது. 2007-ல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் ரிடுக்சிமாப் மருந்தை இந்தியாவிலேயே தயாரித்து விற்கத் தொடங்கியது. வெளிநாட்டு மருந்தை வாங்க முடியாத நம் ஊர் நோயாளிகளுக்கு அது ஒரு வழி திறந்தது. அந்த வழிக்குப் பின்னாலும் இந்தக் குமிழிப் பாடங்கள் இருக்கின்றன.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இந்த வரலாற்றில் திருப்பம் தந்தவை பிரம்மாண்டமான கருவிகள் இல்லை. குழாயின் உயரத்தை மட்டும் மாற்றிப் பார்த்தது, காற்று புகாமல் அடைத்துவிட்டுக் கலக்கிப் பார்த்தது, ஒரே ஒரு குமிழியை உடைத்துச் செத்ததை எண்ணியது, அவ்வளவுதான். சேர்ந்தே வரும் இரண்டு காரணங்களைப் பிரித்துத் தனித்தனியாக நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். நாளை நீங்கள் வேலைக்குப் போகும் பிளான்ட்டிலும் ‘இதனால்தான் சார் அது கெடுகிறது’ என்று எல்லோரும் அடித்துச் சொல்லும் விஷயம் ஒன்று நிச்சயம் இருக்கும். சீனியர் சொன்னார் என்று நம்பிவிட வேண்டாம், சண்டைக்கும் போக வேண்டாம். ஒன்றை நிறுத்திவிட்டு மற்றொன்றை மட்டும் ஓட்டிப் பாருங்கள். கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து பேசுங்கள்.